இதயத்துக்குள் ஒரு பண்டமாற்று

மார்கழிக் காலையில் தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். வெயிலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்நீர்ச் சொம்புக்குள் இறக்க வேண்டும். அதே அலமாரியில், அதே குளிரில், பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் மட்டும் எப்போதும்போல் ஒழுகும். இரண்டும் எண்ணெய்தான், இரண்டும் செக்கில் ஆட்டியவைதான். ஒன்று மட்டும் ஏன் உறைகிறது?

எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களின் வடிவம்தான் காரணம். கொழுப்பு அமிலம் என்பதைக் கார்பன் அணுக்களைக் கோத்துச் செய்த ஒரு வால் என்று வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலான வால்கள் நேரானவை. சவுக்குக் கட்டைகளை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறுகிவிடும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனாலே போதும். நல்லெண்ணெயில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் இருப்பது லினோலியிக் அமிலம். அதில் 18 கார்பன்கள். இரண்டு இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அங்கெல்லாம் வால் வளைந்துவிடுகிறது. சீமைக்கருவேல விறகை அடுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எப்படி வைத்தாலும் படியாது, நடுவே சந்து விழுந்துகொண்டே இருக்கும். வால்கள் படியாததால் எண்ணெய் உறைவதில்லை.

இந்த வளைந்த வாலை உரிய இடத்தில் மாட்டும் ஒரு கை இல்லாமல் போவதால், உலகில் சில நூறு ஆண்பிள்ளைகளின் இதயம் பிறந்த சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுகிறது. அந்த நோய்க்கு பார்த் நோய்க்கூட்டம் என்று பெயர்.

பீட்டர் பார்த் என்பவர் ஆம்ஸ்டர்டாமில் குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவர். 1983-இல் அவரும் சகாக்களும் ஒரு பெரிய டச்சுக் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் ஆண் குழந்தைகள் தங்கவில்லை. சில குழந்தைகளுக்கு இதயம் வீங்கிப் பலமிழந்து போனது. சிலரைச் சாதாரணக் கிருமித்தொற்று கொண்டுபோனது. பெண் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் ஊராக இருந்தால் இப்படிப்பட்ட வீட்டுக்கு நாகதோஷம் என்று எவராவது ஒருவர் சொல்லியிருப்பார், பரிகாரத்துக்கும் ஒரு கோயிலைக் காட்டியிருப்பார். பார்த் வம்சாவளிப் படம் வரைந்தார். நோய் வந்த பையன்கள் எல்லாரும் பெண்கள் வழியாகவே ஒருவருக்கொருவர் உறவு என்பது அதில் தெரிந்தது. இறந்த குழந்தையின் அப்பா பக்கம் சுத்தமாக இருந்தது. அம்மா பக்கம் போனால் தாய்மாமன், பாட்டியின் சகோதரன், பெரியம்மா மகன் என்று வரிசையாகச் சிறு வயதுச் சாவுகள்.

இந்தக் கோலம் மரபியல் படித்தவர்களுக்குப் பழக்கமானது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. எக்ஸில் உள்ள ஒரு மரபணு பழுதானால் பெண்ணுக்கு மாற்று இருக்கிறது. ஆணுக்கு ஸ்டெப்னி கிடையாது. பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பில் தாயைப்போலச் சுமப்பவளாகிறாள். மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வருவதால் அப்பா யார் என்பது இங்கே பொருட்டே இல்லை. “சொந்தத்தில் கட்டிக்கொடுத்தோம், அதனால்தான் இப்படி” என்று அழும் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்வதால் கூடும் மரபு நோய்கள் உண்டு. இது அந்த வகை அல்ல.

பார்த் இன்னொன்றையும் செய்தார். குழந்தைகளின் இதயத் தசை, கைகால் தசை, கிருமிகளை விழுங்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஆகியவற்றை ஆராய்ந்தார். தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் இந்த இடங்களில் பழுதாகியிருந்தது ஒரே பொருள்: மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குள் உணவை எரித்து ஆற்றலாக மாற்றும் நுண்ணுறுப்பு அது.

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. 300 கிராம் எடையுள்ள அந்தத் தசை, ஏ.டி.பி. என்ற ஆற்றல் நாணயத்தை நாளொன்றுக்கு ஆறு கிலோ அளவுக்குச் செலவழித்துச் செலவழித்துத் திரும்பத் தயாரிக்கிறது. அதனால் இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கிறது. பரம்பரை இதயத்தசை நோய்களில் பெரும்பாலானவற்றில் பழுது வேறு இடத்தில். சுருங்கி விரியும் புரதக் கயிறுகளில் ஏதோ ஒன்று நைந்திருக்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தாரும் சேர்ந்து 2009-இல் அறிவித்த, தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கும் 25 டி.என்.ஏ. எழுத்துகளின் இழப்பு அந்த வகை. அந்தப் பழுது பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகே தொல்லை தரும். பார்த் நோயில் கயிறு சரியாக இருக்கிறது, கயிறு இழுப்பவனுக்குத்தான் சோறு இல்லை.

மைட்டோகாண்ட்ரியா என்றாலே பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவரைவிதை வடிவமும் உள்ளே நெளிநெளியான கோடுகளும் நினைவுக்கு வரும். அந்த நெளிவுகள் உட்சவ்வின் மடிப்புகள். ஐந்தரை மீட்டர்ப் புடவையை ஒரு சாண் அகலத்துக்குள் கொசுவம் வைத்துச் செருகுவதுபோல, நிறையப் பரப்பைச் சின்ன இடத்துக்குள் அடக்கும் வழி அது. ஆற்றல் தயாரிக்கும் புரத இயந்திரங்கள் எல்லாம் அந்தக் கொசுவத்தின் மேல்தான் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. கொசுவம் கலைந்தால் வேலை கெடும்.

கொசுவத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஊக்கு எது? அதன் பெயர் கார்டியோலிபின். உயிர்ச்சவ்வுகளில் வழக்கமாக இருக்கும் கொழுப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, இரண்டு வால். கார்டியோலிபின் அப்படிப்பட்ட இரண்டைத் தலையோடு தலை ஒட்டியதுபோல் இருக்கும். மொத்தம் நான்கு வால். நம் உடம்பில் மைட்டோகாண்ட்ரியாவைத் தவிர வேறெங்கும் இது அநேகமாக இல்லை. மடிப்பின் வளைவுகளில் அமர்ந்து வடிவத்தைக் காக்கிறது, பக்கத்துப் பக்கத்துப் புரத இயந்திரங்களைப் பசைபோல் சேர்த்துப் பிடிக்கிறது. இதயத்தில் இருக்கும் கார்டியோலிபினுக்கு ஒரு விசேஷம்: பெரும்பாலும் நான்கு வாலுமே லினோலியிக் அமிலம். நல்லெண்ணெயில் பார்த்தோமே, அதே வளைந்த வால்.

இங்கே ஒரு கிளைக்கதை. கார்டியோலிபினை முதலில் பிரித்தெடுத்தவர் மேரி பாங்போர்ன், அமெரிக்காவின் ஆல்பனி நகரில், 1942-இல். அவருக்கு இதய நோயில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு மாட்டு இதயச் சாறு தேவைப்பட்டது. அந்தச் சாற்றில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று தேடியபோது இது கிடைத்தது. இதயத்திலிருந்து வந்த கொழுப்பு என்பதால் கார்டியோலிபின். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனை இன்றைக்கும் கார்டியோலிபினைக் கொண்டுதான் நடக்கிறது. பிள்ளைப்பேறு பார்க்கும் ஆஸ்பத்திரிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புழங்கிய பொருள், பிறந்த குழந்தையின் இதய நோய்க்குச் சாவி என்பது யாருக்கும் தெரியாமல் அங்கேயே இருந்திருக்கிறது.

நோய் எக்ஸில் இருக்கிறது என்பது 1983-இல் தெரிந்தது. எக்ஸில் எங்கே? நோயுள்ள உறவுக்காரப் பையன்கள் பலரின் எக்ஸ் குரோமோசோமை ஒப்பிட்டால் எல்லாரிடமும் பொதுவாக இருக்கும் துண்டு எது என்று தெரியவரும். பையன்கள் கூடக் கூடத் துண்டு சிறுக்கும். 1991-இல் அது எக்ஸின் நீண்ட கையின் நுனிக்கு வந்து சேர்ந்தது. நுனி என்றாலும் அங்கே மரபணுக்கள் தீபாவளிக் கூட்டம்போல் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொன்றாகச் சலித்து 1996-இல் உரிய மரபணுவைப் பிடித்தது இத்தாலியின் பாவியா நகரில் தானியேலா தொனியோலோவின் குழு. அதன் புரதத்துக்கு அவர்கள் வைத்த பெயர் டஃபாஸின். அந்த நாளில் இத்தாலியத் தொலைக்காட்சியில் டஃபாஸி என்றொரு கோமாளிப் பாத்திரம். பிளாஸ்டிக் பாட்டிலால் தன்னைத் தானே, அதுவும் அடிபடக் கூடாத இடத்தில், அடித்துக்கொள்வதுதான் அவன் வேலை. ஆண்டுக்கணக்கில் மரபணுவைத் தேடுவது எப்படி இருந்தது என்பதை ஆய்வாளர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் வாழ்நாள் முழுக்கச் சொல்லப்போகும் பெயர் அது என்பதை யோசித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரபணுவில் என்ன பிழை? டி.என்.ஏ.வைச் செல் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. “மகனே தினம் பழம் வாங்கு” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். ஓர் எழுத்து மாறினால், “பழம்” என்பது “பணம்” ஆகும். வாக்கியம் நிற்கும், பொருள் கெடும். நடுவில் ஓர் எழுத்தே விழுந்துவிட்டால் இன்னும் மோசம். “தினம்” என்பதில் னகரத்தை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் பிரித்தால் “மகனே திம்ப ழம்வா ங்கு”. அதற்குப் பிறகு எல்லாமே உளறல். சில பிழைகள் பாதியிலேயே முற்றுப்புள்ளி வைத்துவிடும். டஃபாஸின் மரபணுவில் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வெவ்வேறு பிழைகள் பதிவாகியுள்ளன. குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. பாடப்புத்தகத்தில் இதற்குச் சடுதிமாற்றம் என்று பெயர். ‘சடுதி’ என்றதும் நேற்று நடந்ததுபோல் தோன்றும். பாட்டியின் பாட்டி காலத்தில் நடந்த பிழையாகவும் இருக்கலாம். ஒரே பிழையைச் சுமக்கும் அண்ணனும் தம்பியும்கூட ஒரே மாதிரி நோயாளிகளாக இருப்பதில்லை. ஒருவன் கைக்குழந்தையிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பான். இன்னொருவன் பள்ளிக்கூடம் போவான், வகுப்புப் புகைப்படத்தில் எல்லாரையும்விடக் குட்டையாக முன்வரிசையில் நிற்பான், மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவான்.

புரதம் கிடைத்துவிட்டது, அது செய்யும் வேலை தெரியவில்லை. இந்த இடம் எனக்குப் பிடித்தமானது. 1997-இல் ஆண்ட்ரூ நியூவால்ட் டஃபாஸினின் எழுத்துவரிசையைக் கணினியில் மற்றப் புரதங்களோடு ஒப்பிட்டார். கொழுப்பு மூலக்கூறுகளில் வாலை மாட்டும் நொதிகளின் சாயல் அதில் தெரிந்தது. முகச்சாடையை வைத்து இன்னார் வீட்டுப் பிள்ளை என்று ஊரில் கண்டுபிடிப்பார்களே, அதே முறை. சாடை சாட்சியாகாது. சாட்சிக்கு 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் ஃப்ரேக்கனும் சகாக்களும் நோயுற்ற பையன்களின் தோல் செல்களை வளர்த்து, அடையாளமிட்ட லினோலியிக் அமிலத்தை ஊட்டிப் பார்த்தார்கள். ஆரோக்கியமான செல்களில் அது கார்டியோலிபினில் போய்ச் சேர்ந்தது. பையன்களின் செல்களில் மிகக் குறைவாகவே சேர்ந்தது.

பிறகு படம் தெளிவாயிற்று. செல் முதலில் தயாரிக்கும் கார்டியோலிபினில் கைக்குக் கிடைத்த வால்களெல்லாம் மாட்டப்பட்டிருக்கும். டஃபாஸின் அதைத் திருத்துகிறது. புதிதாக ஒன்றையும் வாங்குவதில்லை. பக்கத்துக் கொழுப்பு மூலக்கூறிலிருந்து ஒரு வாலைக் கழற்றி இங்கே மாட்டுகிறது, இங்கே இருந்ததை அங்கே கொடுத்துவிடுகிறது. காசு புழங்காத சுத்தப் பண்டமாற்று. டஃபாஸின் இல்லையென்றால் கார்டியோலிபின் குறைகிறது. ஒரு வால் கழன்று மூன்று வாலோடு நிற்கும் அரைகுறை மூலக்கூறுகள் குவிகின்றன. மூன்று கால் நாற்காலியை நம்பி எதையும் வைக்க முடியாது. கொசுவம் தளர்கிறது, இயந்திரங்கள் பிரிகின்றன, இதயம் பட்டினி கிடக்கிறது. மூன்று வாலுக்கும் நான்கு வாலுக்கும் உள்ள விகிதத்தை இப்போது காகிதத்தில் உலர்த்திய ஒரு சொட்டு ரத்தத்திலேயே அளக்கலாம். நோயை உறுதிசெய்ய அது போதும்.

அப்படியானால் பிள்ளைக்குத் தினமும் நல்லெண்ணெய் கொடுத்தால் சரியாகிவிடாதா? நியாயமான கேள்விதான், ஆய்வாளர்களும் கேட்டார்கள். கிண்ணத்தில் வளர்த்த தோல் செல்களுக்கு லினோலியிக் அமிலத்தைத் தாராளமாக ஊட்டியபோது கார்டியோலிபின் உயர்ந்தது. குழந்தைகளுக்கு அது மருந்தாகவில்லை. வால் வீட்டில் தேவைக்கு மேல் இருக்கிறது, மாட்டும் கைதான் இல்லை.

உண்மையிலேயே இந்த ஒரு மரபணுதான் காரணமா, வேறு ஏதாவது கூட்டாளி உண்டா என்ற சந்தேகத்தைத் தீர்க்கவும் பல சோதனைகள் நடந்தன. ரொட்டி மாவை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டில் இதன் இணை மரபணுவை நீக்கினால் அங்கேயும் அதே கோளாறு வருகிறது. மனித மரபணுவைச் செருகினால் சரியாகிறது. பழ ஈயில் நீக்கினால் அது ஏறவும் பறக்கவும் சிரமப்படுகிறது. மிகத் துல்லியமான சாட்சி 2014-இல் ஹார்வர்டிலிருந்து வந்தது. நோயாளிகளின் தோல் செல்களைக் குருத்தணுக்களாக்கி, அவற்றிலிருந்து இதயச் செல்களை வளர்த்து, மெல்லிய தகட்டின்மேல் படரவிட்டார்கள். செல்கள் சுருங்கும்போது தகடு வளையும். எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் இதயத்தின் பலம் தெரிந்துவிடும். நோயாளியின் செல்கள் தகட்டைச் சரியாக வளைக்கவில்லை. டஃபாஸினைத் திருப்பிக் கொடுத்ததும் பலம் வந்தது. பிறகு மறுபக்கமும் செய்து பார்த்தார்கள்: ஆரோக்கியமான செல்லில் வேண்டுமென்றே அந்தப் பிழையை எழுதினார்கள். அதுவும் பலமிழந்தது. இரண்டு திசையிலும் சோதித்துவிட்டால் வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

தாய்மார்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்பதற்கு ஸ்டெப்னி என்ற பதில் பாதிதான் சரி. பெண்ணின் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றைப் பூட்டி வைத்துவிடுகிறது. தெருவில் திரியும் மூவண்ணப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெட்டையாக இருப்பது இதனால்தான். ஓரிடத்தில் ஒரு எக்ஸின் நிறம், அடுத்த இடத்தில் மற்றதன் நிறம். கணக்குப்படி தாயின் பாதிச் செல்கள் பழுதான எக்ஸை நம்பி நடக்க வேண்டும். ஆனால் இந்தத் தாய்மார்கள் பலரின் ரத்தச் செல்களை ஆராய்ந்தபோது நல்ல எக்ஸில் நடப்பவையே பெரும்பாலும் மிஞ்சியிருந்தன. பழுதானவை போட்டியில் பின்தங்கி மறைந்திருக்க வேண்டும்.

சிகிச்சை என்று பார்த்தால், இதயத்துக்கு வழக்கமான இதயத் தளர்ச்சி மருந்துகள், வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி, காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் ஆன்டிபயாடிக், முடியாத கட்டத்தில் இதய மாற்று. முதல் ஐந்து ஆண்டுகள்தான் கண்டம். அதைத் தாண்டியவர்கள் பலர் பெரியவர்களாகிறார்கள். குட்டையாகவே இருந்த பையன் பதின்வயதின் கடைசியில் திடீரென்று வளர்ந்து நிற்பதும் நடக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த நோய்க்கென்றே முதல் மருந்தை அனுமதித்தது. பெயர் எலாமிப்ரெடைட், கார்டியோலிபினோடு ஒட்டிக்கொண்டு மடிப்பைத் தாங்கும் சின்னஞ்சிறு புரதத் துணுக்கு, தினமும் தோலுக்கடியில் ஊசி. இது முழுத் தீர்வல்ல. முக்கியப் பரிசோதனையில் கலந்துகொண்டவர்கள் 12 பேர்தான். மருந்தையும் வெற்று ஊசியையும் ஒப்பிட்ட கட்டத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை, நீண்ட நாள் தொடர்ந்தபோதுதான் நடைத்தூரமும் தசைப் பலமும் கூடின. அதனால்தான் நிபந்தனையோடு கூடிய துரித அனுமதி, அதுவும் குறைந்தது 30 கிலோ எடையுள்ளவர்களுக்கு மட்டும். சில நூறு பேருக்கு மட்டுமே வரும் நோயில் ஆயிரம் பேரை வைத்துப் பரிசோதிக்க எங்கே போவது? அனுமதித்தது சரிதான் என்பது என் கட்சி. சுண்டெலிகளில் மரபணுவையே மாற்றிக் கொடுக்கும் சிகிச்சை நன்றாக வேலை செய்திருக்கிறது. மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை.

நோய் அவ்வளவு அரிதுதானா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மூன்று நான்கு லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இதற்கென்று தனி மருத்துவக் குழு அமைத்துத் தேடியபோது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒன்று என்று வந்தது. வயிற்றிலேயே இறந்துபோகும் ஆண் சிசுக்களில் சிலருக்கும் இதே நோய்தான் என்பதும் அங்கேயே தெரியவந்தது.

ஆகவே ஆண் குழந்தைக்கு இதயம் வீங்கியிருக்கிறது, தசை பலமில்லை என்று எக்கோ சொன்னால், சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒருநாள் சரியாக இருந்தால் இன்னொரு நாள் குறைந்திருக்கும், அதனால் பழைய தாள்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். “அம்மாகூடப் பிறந்த ஆம்பிளைப் பசங்க யாராவது சின்ன வயசில தவறியிருக்காங்களா?” என்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: தாய்மாமன், பெரியம்மா சித்தி பிள்ளைகள், பாட்டிக்கு வயிற்றிலேயே போன ஆண் சிசு, பெயர் வைப்பதற்குள் போனவன் உட்பட.